பதினோரு மரங்களும் நான் எழுதிய பொய்யும்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் படிக்கப்போவதில்லை என்ற வசதியில் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்களுக்காக எழுதியது ஏராளம். அதெல்லாம் உங்கள் படங்களுக்குக் கீழே போன வரிகள். கடிதத்துக்குத் தேவை வந்ததில்லை. உங்கள் பாலிகஞ்ச் வீட்டுக்கும் என் ஜாதவ்பூர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்டேஷன்தான். சண்டை போடவேண்டும் என்றால்கூட ரயிலேறி வந்து போட்டுவிட்டுப் போய்விடலாம்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. யானை துரத்தியும் பிழைத்தீர்கள். காலெல்லாம் அட்டைக்கடியோடு எத்தனையோ முறை வந்து நின்றீர்கள். கடைசியில் மாடியில் பூந்தொட்டித் தண்ணீரில் பிறந்த ஒரு கொசு டெங்குவைக் கொடுத்து முடித்தது. இதைச் சொன்னால் அக்கா முறைக்கிறாள். நடந்ததைத்தானே சொல்கிறேன்?

அக்கா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. லென்ஸ்களுக்குப் பூஞ்சை பிடிக்கக்கூடாது என்று அலமாரிக்குள் நீங்கள் போட்டு வைத்த பல்பை இன்னும் அணைக்கவில்லை. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கிறாள். உபயோகிக்க ஆளில்லாத பொருளை எதற்குத் துடைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். அடுத்த லென்ஸை எடுத்தாள்.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்தின் புத்தாண்டு மலருக்குக் கொடுக்கிறேன். உங்கள் அஞ்சலிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் இதைப் படிப்பார்கள். அன்றைக்குப் பேசிய எல்லோரும், காட்டுப் படங்களோடு ஆங்கிலத்தில் வந்த உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவர் ஒரு பத்தியை உருக்கமாகப் படித்துவிட்டு, வங்கி அதிகாரியாக இருந்துகொண்டு இப்படியும் ஒரு நடையா என்று வியந்தார். அந்தப் பத்தி நான் எழுதியது. புத்தகம் முழுவதும் நான் எழுதியது. நீங்களே எழுதியது ஒரே ஒரு வரி. முன்னுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில்: 'மெய்ப்புப் பார்த்து உதவிய என் மைத்துனருக்கும்.' பெயர்கூட இல்லை.

கல்லூரியில் பூகோளத் துறையின் தலைவர் பதவி என்னைவிட இளையவனுக்குப் போனது. அதை எப்போதாவது மறந்திருக்கிறேன். இந்த வரியை ஒரு நாளும் மறந்ததில்லை.

இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மௌஷுமி வீட்டுக்கு வந்தாள். உங்களுக்குத் தெரிந்தவள்தான், வடக்கே மலை தொடங்கும் இடத்தில், நீங்கள் போய்வந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கைக் காப்பாற்ற மனுப் போட்டிருக்கும் குழுவில் ஒருத்தி. படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் கோடாலி படாத காடு ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அங்கே பதினோரு மரங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மார்ச்சிலும் வங்கிக்கு லீவு போட்டுப் போய், பத்தொன்பது வருஷம், அதே இடத்தில் நின்று அதே உயரத்திலிருந்து படம் எடுத்தீர்கள். பட்டையில் பெரணி எப்படி ஏறுகிறது, பொந்து எப்படி அகலமாகிறது, விழுந்த கிளை மண்ணாக எத்தனை வருஷம் ஆகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். அவற்றை நீங்கள் அழகுக்காக எடுக்கவில்லை. ஒருநாள் யாராவது வந்து இது பழைய காடே இல்லை என்று சொல்வார்கள், அன்றைக்கு எடுத்துப்போட என்றீர்கள்.

சொல்லிவிட்டார்கள்.

பள்ளத்தாக்கின் குறுக்கே அகலமான சாலை வரப்போகிறது. அதற்காகத் தயாரான அறிக்கையில், இது ஒருகாலத்தில் முழுக்க வெட்டப்பட்டு மறுபடி முளைத்த காடு, சொல்லும்படியாக முதிய மரங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறது. மௌஷுமியின் குழு உங்கள் படங்களைக் கேட்டது. அக்கா யோசிக்காமல் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டாள். விசாரணையில் பத்தொன்பது வருஷத்தையும் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் சாலைத் தரப்பு வக்கீல் தன் பையைத் திறந்து உங்கள் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாராம்.

"பக்கத்தைத் திறந்து சத்தமாப் படிச்சார், காகு," என்றாள் மௌஷுமி, வங்காளத்தில். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது; காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவதை நிறுத்தமாட்டேன் என்கிறாள். நீங்கள் அவளுக்கு மேஷோ. "அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குச் சரிவில், பெயரில்லாத ஓடைக் கரையில் நிற்கும் மரம். அதே மரம், அதே படம். எடுத்தவரே வேற மாநிலம்னு சொல்றார், நீங்க எப்படி இங்கேன்னு சொல்றீங்கன்னு கேட்டார். மேஷோ எங்க ஊருக்கு வந்துபோனதை நாங்க கண்ணால பார்த்திருக்கோம்னேன். மனுப் போட்டவங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு சிரிச்சுட்டார்."

படத்தின் கோப்புகளில் தேதி இருக்கிறது, இடம் இல்லை. யாருக்கும் கொடுக்கும் முன்னால் இடத்தை அழித்துவிடுவது உங்கள் வழக்கம். உங்கள் சொந்தப் பிரதியில்கூட விட்டுவைக்கவில்லை.

அக்கா அவளுக்கு இரண்டாவது முறை டீ ஊற்றிக்கொண்டே, "போஷோ மா, உக்காரு, நீ என்ன செய்வே பாவம்," என்று பாதி வங்காளமும் பாதித் தமிழுமாகச் சமாதானம் சொன்னாள். அந்த வரியை எழுதியவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறான் என்று மௌஷுமிக்கு எப்படித் தெரியும்? அவளைப் பொறுத்தவரை நான் மெய்ப்புப் பார்த்தவன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, அதை எழுதிய ஞாயிற்றுக்கிழமை?

"மாப்ளே, பள்ளத்தாக்கு பேரு வேண்டாம். அருணாசலத்துல எங்கயாவதுன்னு எழுது."

"அத்தான், நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன்."

"அதனாலதான உன்கிட்டச் சொல்லுதேன். பொய் சொன்னாலும் அட்சரேகை சரியா இருக்கணும்லா!"

நான் சிரித்தேன்; சிரித்ததோடு நிற்காமல் வேலையை ஒழுங்காகவும் செய்தேன். அதே உயரம், அதே மழை, அதே மரவகை வளரக்கூடிய இடமாகத் தேடிப் பிடித்து, ஓடை ஓடும் திசையைக்கூடப் பொருத்தி எழுதினேன். தாவரவியல்காரர்கள் படித்தார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. என் ஆய்வுக் கட்டுரைகள் எதுவும் அந்தப் பொய் அளவுக்கு நேர்த்தியாக அமைந்ததில்லை.

மௌஷுமி விஷயத்தை முடித்தாள். மார்ச்சில் விசாரணை மன்றம் அனுப்பும் ஒரு குழு நேரில் பார்வையிட வருகிறது. அதற்குள் இரண்டு காரியம் நடக்கவேண்டும். புத்தகத்தில் இருக்கும் இடப்பெயர்கள் ஏன் தவறு என்று தெரிந்த ஒருவர் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். படம் எடுத்த இடங்களை ஒருவர் காட்டி, தழும்புக்குத் தழும்பு மரத்தையும் படத்தையும் பொருத்திக் காட்டவேண்டும்.

"அது பெரிய காடு, காகு. மேஷோ எங்களை யாரையும் கூட்டிட்டுப் போனதில்ல. தனியா போவார், தனியா வருவார். ஒரு மரத்தைக்கூட எங்களால கண்டுபிடிக்க முடியல."

நீங்கள் ஒருவரைக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். ஒரே ஒருமுறை, புத்தகம் எழுதுவதற்காக. நான்கு நாள் உங்கள் பின்னால் நடந்தேன். எப்படி வருஷா வருஷம் அதே புள்ளியில் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து மரத்தின் விளிம்பு தூரத்துப் பாறையைத் தொடவேண்டும். வலப்பக்கம் இன்னொரு மரத்தின் கவட்டையில் மலையுச்சி உட்காரவேண்டும். இரண்டு பார்வைக் கோடும் வெட்டும் இடத்தில் நின்றால் போதும் என்றீர்கள். நான் திசைகாட்டியை வைத்து ஒவ்வொரு கோட்டுக்கும் கோணம் எழுதிக்கொண்டேன். பதினோரு மரம், இருபத்திரண்டு கோணம். உங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. எதையும் தூரப்போடுகிறவன் நான் இல்லை.

ஆனால் அன்று மௌஷுமியிடம் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும் என்று இருந்தது. புகழ் வந்தபோது நான் மெய்ப்புக்காரன். பழி வரும்போது மட்டும் ஆசிரியனா? துறையில் என்னைப் பிடிக்காதவர்களுக்கு இது கரும்பு. இடம் மாற்றி எழுதிய பூகோள வாத்தியார் என்று கடைசிவரை சொல்வார்கள். இன்னொன்றும் இருந்தது. தமிழ்ப் புத்தாண்டும் வங்காளிகளின் புத்தாண்டான பைலா பைஷாக்கும் வரும் வாரத்தில் உங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்க பாலிகஞ்சில் ஒரு கலைக்கூடம் ஒத்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு வருஷம் அலைந்து வாங்கிய தேதி. இடத்தை மாற்றிச் சொன்னவர் என்று தெரிந்தால் மற்ற புகைப்படக்காரர்கள் உங்களைச் சும்மா விடுவார்களா? இடத்தில் பொய் சொன்னவர் வேறு எதில் சொன்னாரோ என்பார்கள்.

நான்காம் நாள் போய் அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"செத்தவுக பேரக் கெடுக்கணுமாக்கும்?"

"கெடுக்கணும்னு இல்லக்கா. உண்மை எதுவோ…"

"ஏல சங்கரா, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. உனக்கு இதுல கொஞ்சம் சந்தோஷம் உண்டா இல்லையா?"

உண்டு என்றேன். வேறு என்ன சொல்வது? அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"அதான பாத்தேன். எத்தன வருசமா அந்த ஒத்த வரிய வச்சிக்கிட்டு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலையுத. அவுக ஏன் உன் பேரப் போடலன்னு என்னைக்காவது கேட்டியா?"

"என்னத்தக் கேக்க? பங்கு போட மனசு வரல."

"சவம், படிச்சவனாம். பொய்யின்னு தெரிஞ்சே எழுதுதான், நாளைக்கு வெளிய வந்தா வாத்தியார் வேலைக்கு வம்பு, அவன் பேரு எதுலயும் வேண்டாம்னு எங்கிட்டச் சொன்னாக. நான் உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னும் சொன்னாக."

உண்மையா அத்தான்? அப்படித்தான் சொன்னீர்களா? அல்லது தம்பியைச் சமாளிக்க அக்கா அந்த நிமிஷத்தில் கட்டிய கதையா? அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கீரைத் தண்டைத் தனியாக, இலையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஏன் சந்தேகம் என்றால், என் மனதில் வேறொரு காரணம் நெடுநாளாக இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அக்காவே எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கேன். அந்த இருவாச்சிக் கூட்டுக்கு மேப்பு போட்டது யாரு?"

நான் போட்டது.

புத்தகத்துக்கும் முந்திய கதை அது. தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், ஒரு கிழட்டு மரத்தின் பொந்தில் இருவாச்சி கூடு வைத்திருந்தது. பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை கீறல்போன்ற ஓட்டை வழியாகப் பழம் ஊட்டும். நீங்கள் எடுத்த படங்களோடு நான் ஒரு பயணப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். இரண்டு பேர் பெயரும் வந்தது. வாசகர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அழகான வரைபடமும் போட்டுக் கொடுத்தேன்: பஸ் நிற்கும் இடம், பாலம், அங்கிருந்து எத்தனை நிமிஷ நடை. நல்ல வரைபடம். அடுத்த பருவத்தில் கார் காராக வந்து இறங்கினார்கள். நீட்டு லென்ஸோடு மரத்தைச் சுற்றி நின்றார்கள். படத்தில் மறைக்கிறது என்று கிளையை வெட்டினார்கள். பறவை வரவேண்டும் என்று அதன் குரலைப் போனில் போட்டார்கள். ஆண் பறவை கிட்டே வரப் பயந்து எட்டவே சுற்றியது. நீங்கள் போய்ப் பார்த்தபோது பெட்டை வாசலை உடைத்துக்கொண்டு போயிருந்தது. குஞ்சு உள்ளே செத்துக் கிடந்தது. நீங்கள் பார்த்தும் படம் எடுக்காமல் வந்த காட்சி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

திரும்பி வந்து என்னிடம் நடந்ததைச் சொன்னீர்கள். வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த இடத்துக்கும் உண்மைப் பெயர் இல்லை. எந்த அச்சிலும் என் பெயர் இல்லை. என்னைக் காப்பாற்றினீர்களா, தள்ளி வைத்தீர்களா? இரண்டும் ஒரே வரியில் நடக்கக்கூடியதா? கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கோபப்பட்டு முடித்திருப்பேன்.

அக்கா தட்டை நகர்த்திவிட்டுக் கையை உதறினாள். "எழுதிக் குடு. ஆனா பொய் சொன்னாகன்னு மட்டும் எழுதாத. என்னத்துக்குச் சொன்னாகன்னும் எழுது."

"கண்காட்சி?"

"அது கெடக்கு கழுத. மரம் போனப்புறம் மரத்துப் படத்த மாட்டி என்ன செய்ய?"

எழுதிக் கொடுத்தேன். 'இந்தப் புத்தகத்திலுள்ள எல்லா வரிகளையும் எழுதியவன் நான். இடப்பெயர்கள் பொய் என்று தெரிந்தே எழுதினேன்.' முதல் வாக்கியத்தை உலகத்துக்குச் சொல்ல எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது இல்லாமல் அது கிடைக்கவில்லை. காரணத்தையும், இருவாச்சியையும், வரைபடத்தையும் எழுதினேன். கல்லூரியில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கலைக்கூடத்தார் யோசிக்கிறோம் என்றார்கள். இந்த ஊரில் யோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிரமாணப் பத்திரத்தோடு மௌஷுமி இன்னொன்றும் கேட்டாள். பதினோரு இடமும் குறித்த வரைபடம்.

"கமிட்டி மட்டும் பார்க்கும்னு உறுதி கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"காகு, கமிட்டிக்குக் கொடுத்தா கல்கத்தாவுக்கே கொடுத்த மாதிரி. பொய் சொல்லமாட்டேன்."

வரைபடம் கொடுத்தால் கார்கள் வரலாம். கொடுக்காவிட்டால் சாலை வரும். கார் வந்தால் கூடு போகும். சாலை வந்தால் மரமே போகும். நீங்கள் இருந்தால் எதைத் தேர்ந்திருப்பீர்கள்? நானாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கூடு அடுத்த வருஷம் திரும்ப வரலாம். அந்த மரம் திரும்ப வர யாருக்குப் பொறுமை இருக்கிறது? உட்கார்ந்து வரைந்தேன். முன்பு போட்டதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தில் மட்டும் பள்ளத்தாக்கின் பெயர் இல்லை. சங்கத்தில் கேமரா வைத்திருப்பவர்கள் மன்னிக்கவேண்டும்.

இனி நடக்கப்போவது இது. அடுத்த வாரம் நான் வடக்கே புறப்படுகிறேன். முழங்கால் சரியில்லை, மெதுவாக ஏறவேண்டும். குழு வரும்போது பதினோரு இடத்திலும் புதிய படம் எடுத்துப் பழையதோடு பொருத்திக் காட்டவேண்டும். எனக்குப் படம் எடுக்க வராது என்று மௌஷுமியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாரேன்," என்றாள். "எந்த மரத்துக்கு எந்த லென்சுன்னு எனக்குத் தெரியும். அவுக வந்ததும் ஒவ்வொண்ணாச் சொல்லுவாகல்லா."

"ஏறமாட்டே அக்கா. உனக்குச் சர்க்கரை."

"உனக்கு முட்டி. போவம்ல ரெண்டு பேரும்."

பத்தொன்பது மார்ச். ஒருமுறைகூட நீங்கள் அவளைக் கூட்டிப்போனதில்லை, அத்தான். என்னையாவது ஒருமுறை அழைத்தீர்கள். எனக்குத்தான் குறை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. நானும்தான் கேட்கவில்லை.

இந்த மலர் எல்லார் கைக்கும் வரும்போது குழு வந்து போயிருக்கும். என்ன சொல்வார்களோ தெரியாது. சாலை நிற்கும் என்று நான் நம்பவில்லை. நம்புவது என் சுபாவமும் இல்லை. உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடிந்தது ஒன்றுதான். அக்காவைப் பத்திரமாக அந்த ஏற்றத்தில் கூட்டிப்போவேன். நோட்டைப் பார்த்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் அவளை நிறுத்துவேன். நீங்கள் போனபிறகு இரண்டு மார்ச் விட்டுப்போயிற்று. மூன்றாவதை அவள் எடுப்பாள். அவசரப்படுத்தமாட்டேன், அந்த மரத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவள் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
உங்கள் மச்சினன்
சங்கரலிங்கம்
ஜாதவ்பூர், கொல்கத்தா